பரக்கத் லாஞ்சும் இறுகிப்போன எஞ்சினும்

கடப்பாரையில் மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தோம். நான், டிரைவர் வைத்தி அண்ணன், சுக்கான் பிடிக்கும் மலாய்க்காரர் பா உசின். கடப்பாரையின் மறுமுனை எஞ்சினின் பெரிய சக்கரத்துத் துளையில் செருகியிருந்தது. மூன்று பேர் சேர்ந்து உடம்பைக் கீழே போட்டால் அந்தச் சக்கரம் நகர வேண்டும். நகரவில்லை. எங்கள் மோட்டார்ப் படகான லாஞ்சுதான் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இன்னொரு தரம்! ஒண்ணு, ரெண்டு..." என்றார் வைத்தி அண்ணன்.

பா உசின் கையை விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சூடா மாத்தி" என்றார். செத்துப்போயிற்று என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு ஒரு கடமையை முடித்தவர் போல மேலே ஏறிப் போய்ச் சுருட்டுப் பற்ற வைத்தார்.

ஜெத்தியின் மேல், அதாவது படகுத்துறையில், கறுப்புக் குடைக்குக் கீழே எங்கள் முதலாளி காதர் நின்றுகொண்டிருந்தார். தொப்பி, வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. எஞ்சின் அறையின் கூரைத் திறப்பு வழியாக எங்களை எட்டிப் பார்த்தார்.

"என்ன வைத்தி, எஞ்சின் தூங்குதா, இல்லே மௌத்தாப் போச்சா?"

"தூங்குது முதலாளி" என்றார் வைத்தி அண்ணன். குரலில் உயிரே இல்லை.

நான் சிங்கப்பூர்ப் பட்டறையை விட்டு வந்த அத்தியாயத்தைப் படித்த நண்பர் ஒருவர், "அங்கே கற்றுக்கொண்டது பிறகு எங்கேயாவது உதவிற்றா?" என்று கேட்டு எழுதியிருந்தார். உதவிற்று. ஆனால் எப்படி உதவிற்று என்பதை ஒரு வரியில் சொல்ல முடியாது. அதனால் இந்த வாரம் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் பொந்தியான் ஆற்று முகத்துக்கே உங்களைக் கூட்டிப் போகிறேன்.

கப்பல் பயம்

லாஞ்சின் பெயர் பரக்கத். அருள், செழிப்பு என்று அர்த்தம். கொப்பரையும் கொட்டைப் பாக்கும் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போகும். அரிசி, மண்ணெண்ணெய், துணி மூட்டைகளோடு திரும்பும். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். ஓடும்போது அதன் சத்தம் ஊரில் எல்லாருக்கும் பழக்கம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஜெத்திக் கடைக்காரர் கோப்பிக்குத் தண்ணீர் வைப்பார்.

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. கூடவே கொப்பரையும் விழுந்தது. ஏற்றுவதற்குச் சரக்கில்லாமல் தீபாவளிக்கு முதல் நாள் கட்டிய பரக்கத்தை, தைப்பூசம் கழிந்துதான் அவிழ்க்க வந்தோம். அதுவரை அது மழையில் நனைந்தபடி, நண்டுகளுக்கு வீடாக, ஜெத்தி ஓரத்தில் மிதந்துகொண்டிருந்தது.

நான் அங்கே எஞ்சின் உதவியாளாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதாவது, பரக்கத் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஓடாத எஞ்சினுக்கு உதவியாள்! என் அம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் வியாபாரி. குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு அன்று சொன்னார்: "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு, தண்ணி ஏறும்போது பரக்கத் கெளம்பணும். கொப்பரை குடோன்ல வந்து கெடக்கு. கெளம்பலேன்னா சிங்கப்பூர்லேருந்து வேற டிரைவரு வருவான். அவன் வந்தா அவன் ஆளைத்தான் வெச்சுக்குவான். அப்புறம் நான் ஒனக்கு என்ன செய்ய வைத்தி, சொல்லு?"

அந்த நாளில் வேலை போன தமிழனுக்கு வேறு வேலை கிடையாது. கப்பல்தான். எஸ்டேட் எஸ்டேட்டாக ஆட்களை ஏற்றிக் கடல் கடந்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வைத்தி அண்ணன் மனைவி செல்லம்மா அக்காவுக்கு அப்போது நிறைமாதம். கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்து, அந்த நிலையில் அக்காவை வைத்துக்கொண்டு, யாருமே இல்லாத ஊருக்குப் போவது! அவர் பிறந்ததே இந்தப் பக்கம்தான். ஊர் என்று அவருக்குத் தெரிந்தது அவர் அப்பாவின் பேச்சில் வந்த ஒரு பெயர் மட்டும்.

ஆகவே வெள்ளிக்கிழமை என்பது எங்களுக்கு வெறும் கிழமையாக இல்லை.

புஸ்தகம் படித்த பிள்ளை

இங்கே என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதிலும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அதனால் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்கு வரும். மருந்துப் புட்டி, தீப்பெட்டி, பிஸ்கட் டின், எதில் எழுத்து இருந்தாலும் "தம்பி, என்ன போட்டிருக்கு?" என்பார்கள். ஒருமுறை பக்கத்து வீட்டு மாமா, எங்கோ கிடைத்த ஒரு சீனப் பட்டாசுக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். இது சீனம், எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப இத்தனை வருஷம் என்னதான் படிச்சே?" என்று மனம் வருந்திக் கேட்டார்.

இதே கதை பரக்கத்திலும் நடந்தது.

கடப்பாரையோடு தோற்றுப்போன அன்று, வைத்தி அண்ணன் எஞ்சின் அறை அலமாரியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"எஞ்சினோட வந்த புஸ்தகம் தம்பி. இத்தனை நாளும் படிக்க ஆளில்லாமக் கெடந்துச்சு. இன்னிக்குத்தான் அதுக்கு நேரம் வந்திருக்கு."

திறந்தேன். ஜெர்மன் பாஷை.

பா உசின் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். வைத்தி அண்ணனும் பார்த்தார். "ஜெர்மன் தெரியாது" என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் வைத்தி அண்ணனுடைய கண்ணைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். நல்லவேளையாக அந்த ஜெர்மன்காரன் நன்றாகப் படம் போட்டிருந்தான். எஞ்சினை நடுவில் வெட்டி, எது எங்கே இருக்கிறது, எந்தத் திருகு எதைப் பிடிக்கிறது என்று கோடு கோடாகக் காட்டியிருந்தான்.

"என்ன தம்பி சொல்லுது?"

"மொதல்ல எங்க புடிச்சிருக்குன்னு பாக்கணுமாம்ணே" என்றேன். புத்தகம் அப்படிச் சொல்லியிருக்கும் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

எங்கே பிடித்திருக்கிறது?

லாஞ்சின் எஞ்சின் சுழலவில்லை என்பதற்காக எஞ்சினையே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. எஞ்சினிலிருந்து ஒரு நீண்ட தண்டு புறப்பட்டு, படகின் பின்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் இருக்கும் விசிறி வரை போகிறது. விசிறியில் ஒரு கயிறு சுற்றிக்கொண்டாலும் போதும். எஞ்சின் செத்தது போலவே இருக்கும்.

முதலில் அதைப் பார்த்தோம். தண்ணீர் வடிந்த நேரத்தில் பா உசின் சேற்றில் இறங்கி விசிறியைத் தடவிப் பார்த்தார். கயிறும் இல்லை, வலையும் இல்லை. பிறகு எஞ்சினையும் தண்டையும் சேர்க்கும் வளையத்தின் போல்ட்டுகளைக் கழற்றித் தண்டைப் பிரித்தேன். தண்டைக் கையால் திருப்பினேன். வெண்ணெய் மாதிரிச் சுழன்றது. சேற்றில் நின்றிருந்த பா உசினின் முழங்காலை விசிறி ஒரு தட்டுத் தட்டியது. அவர் மலாயில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆக, கோளாறு எஞ்சினுக்குள்.

அடுத்தது தண்ணீர். மழையில் கிடந்த படகு. புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி சிலிண்டரில் நின்றிருந்தால், பிஸ்டனுக்கு மேலே போக வழியிருக்காது. ஒவ்வொரு சிலிண்டரின் உச்சியிலும் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணமும் அதற்கடியில் ஒரு திருகும் உண்டு. ஆறிக் குளிர்ந்த எஞ்சின் கிளம்ப மறுத்தால் அதன் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விடுவார்கள். இரண்டு திருகையும் திறந்துவிட்டுக் கடப்பாரையை அழுத்தினோம். ஒரு சொட்டும் பீறிடவில்லை. தண்ணீர் இல்லை.

"துருதான் தம்பி" என்றார் வைத்தி அண்ணன். "நான் அப்பமே சொன்னேன்ல, துரு. சிலிண்டர் தலையைக் கழட்ட வேணாம். மேலேருந்து மண்ணெண்ணெய் ஊத்தி வெப்போம். ரெண்டு நாள்ல தானா விட்டுரும்."

"மொதல்ல பேரிங்கைப் பாத்துருவோம்ணே."

"பாரு, பாரு. ஆனா தலையை மட்டும் கழட்ட வேணாம்."

எஞ்சினின் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து கையை உள்ளே விட்டேன். எண்ணெய் சுத்தமாக இருந்தது. பேரிங்குகள் வெந்து நீலம் பாய்ந்த அடையாளம் இல்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து, இரண்டு பிஸ்டன்களையும் கீழே இருக்கும் முறுக்குத் தண்டோடு பிணைக்கும் ராடுகளின் போல்ட்டுகளைக் கழற்றினேன். கழற்றி முடித்ததும் பெரிய சக்கரத்தில் கை வைத்தேன். சுழன்றது. ஒரு விரலுக்கே சுழன்றது.

அதாவது கீழே எல்லாம் சரி. இரண்டு பிஸ்டனும் அதனதன் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பட்டறையில் துருப்பிடித்த எஞ்சின்களைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஒரு சிலிண்டரின் வால்வு திறந்திருக்கும், மற்றதன் வால்வு மூடியிருக்கும். திறந்த பக்கம் உப்புக் காற்று புகுந்து துரு ஏறும். மூடிய பக்கம் அவ்வளவாக ஏறாது. ஒன்று கெட்டு ஒன்று தப்பும். இங்கே இரண்டும் ஒரே மாதிரி, ஒரே பிடியாகப் பிடித்திருக்கின்றன. துருவுக்கு இத்தனை நியாய உணர்ச்சி ஏது?

"அண்ணே, தலையைக் கழட்டித்தான் ஆகணும்."

வைத்தி அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கா?"

"ஆமாண்ணே." இந்தத் தடவை கூசாமல் சொன்னேன்.

தீபாவளி வாசனை

தலை இரண்டும் கழன்று வந்தன. உள்ளே சிவப்பாகத் துரு எதிர்பார்த்துக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். துரு இல்லை. பிஸ்டனைச் சுற்றிலும், சிலிண்டர் சுவரிலும், காய்ச்சி இறக்கிய வெல்லப் பாகு உறைந்தது போல ஏதோ பழுப்பாக மின்னியது. நகத்தால் சுரண்டினேன். நகம்தான் மடங்கியது.

கொஞ்சத்தை உளியால் பெயர்த்து, ஒரு தகரத்தில் வைத்து, ஊது விளக்கின் தீயில் காட்டினேன். இளகியது. புகைந்தது. ஒரு வாசனை கிளம்பியது. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. ஆனால் எஞ்சின் அறையில் வைத்து அதற்குப் பெயர் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரைச் சந்தையில் மீன் கூடையோடு பார்த்தால் யாரென்று சட்டென்று தெரியாதே, அது மாதிரி.

பெயர் மேலேயிருந்து வந்தது.

செல்லம்மா அக்கா மத்தியானச் சோறு கொண்டுவந்திருந்தாள். அந்த வயிற்றோடு படகில் இறங்க முடியாது. ஜெத்தியில் நின்று அடுக்குச் சட்டியைக் கயிற்றில் கட்டி, கூரைத் திறப்பு வழியாக எங்கள் தலைக்கு நேராக இறக்குவாள். அன்று பாதி இறங்கிய சட்டி அந்தரத்திலேயே நின்றது.

"தம்பீ, கீழே என்ன பண்றீங்க? தீவாளி வாசம் அடிக்குது!"

நான் வைத்தி அண்ணனைப் பார்த்தேன். வைத்தி அண்ணன் அந்தரத்தில் ஆடிய சட்டியைப் பார்த்தார்.

"நல்லெண்ணெய்!" என்றாள் அக்கா. "காய்ச்சின நல்லெண்ணெய் வாசம்லா இது! நிறைமாசக்காரி மூக்கை ஏமாத்த முடியுமா?" பிறகு குரல் மாறியது. "இருங்க, இருங்க. தீவாளியன்னிக்கி பாட்டில்ல பாதி எண்ணெயைக் காணோம். கேட்டதுக்குப் பூனை தட்டிருச்சுன்னாரு இந்த மனுசன். நம்ம லயத்துல ஏது பூனைன்னு நானும் இத்தனை நாளா ரோசனை பண்றேன்!"

"சோத்தை எறக்கு செல்லம்மா" என்றார் வைத்தி அண்ணன்.

"எறக்க மாட்டேன். மொதல்ல பூனை வெளியே வரட்டும்."

பூனை எஞ்சின் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் கைகளைப் பிசைந்தது. பிறகு சொல்லிற்று.

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் பரக்கத்தைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார். எஞ்சின் இன்னும் சூடாக இருந்திருக்கிறது. மறுநாள் விடிந்தால் எல்லாரும் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பார்கள். எஞ்சினைத் துடைத்து, பொட்டு வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் எண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து, இரண்டு பித்தளைக் கிண்ணத்திலும் ஊற்றித் திருகைத் திறந்துவிட்டிருக்கிறார். சூட்டோடு சூடாக எண்ணெய் உள்ளே இறங்கியிருக்கிறது. பிறகு மூன்று மாதத்துக்குச் சக்கரத்தை யாரும் அசைக்கவில்லை.

"வீட்ல எல்லாருக்கும் எண்ணெய் வெச்சோம் தம்பி. வருசம் பூரா ஓடி நமக்குச் சோறு போட்டது, அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? அதுக்கும் ஒரு நல்ல நாளு வேணாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. எஞ்சினுக்குப் போடும் எண்ணெய் மண்ணிலிருந்து வருவது, அது காயாது. நல்லெண்ணெய் செடியிலிருந்து வருவது. சூட்டில் வெந்து, காற்றில் காய்ந்து, பிசினாகிவிடும். வாணலியைக் கழுவாமல் விட்டால் அடியில் ஒட்டுகிறதே, அதேதான். இதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"முதலாளிக்குத் தெரிஞ்சா வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட விட மாட்டாரு. துருன்னு சொல்லிரு தம்பி. நீ படிச்சவன். நீ சொன்னா நம்புவாரு."

மேலேயிருந்து சட்டி மெதுவாகக் கீழே இறங்கியது.

டோபி கடைச் சோடா

என்ன சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிஸ்டன் வெளியே வர வேண்டுமே!

மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் வைத்துப் பார்த்தோம். பிசின் அசையவில்லை. சம்மட்டியால் அடித்தால் பிஸ்டன் உடையும். அப்போதுதான் எனக்கு டோபி கடை ஞாபகம் வந்தது. கோப்பிக் கடைக்காரரின் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சட்டையைக்கூட அங்கே சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து வெள்ளையாக்கிவிடுவார்கள். சட்டையில் போகிற எண்ணெய் இரும்பில் ஏன் போகாது?

ஒரு பை நிறையச் சோடா வாங்கிவந்தேன். கொதிநீருக்குப் பெரிய பாத்திரம் வேண்டும். முதலாளியின் கடையில் கந்தூரி விருந்துக்குச் சோறாக்கும் தேக்சா ஒன்று கிடந்தது. அதை உருட்டிக்கொண்டு வரும்போது முதலாளி எதிரே வந்துவிட்டார்.

"எங்கடா போகுது என் தேக்சா? எஞ்சினுக்குப் பிரியாணி போடப் போறீங்களா?"

"வெந்நீர் வைக்க முதலாளி."

"போடு, போடு. தின்னுட்டாவது ஓடட்டும்" என்று போய்விட்டார்.

ஜெத்தி ஓரத்தில் அடுப்பு மூட்டினோம். கொதிநீரை வாளி வாளியாக பா உசின் இறக்க, எஞ்சினின் வெளிச்சுவருக்குள் கடல்நீர் ஓடும் இடைவெளியில் முதலில் நிரப்பினேன். சிலிண்டர் சூடேறிக் கொஞ்சம் விரிய வேண்டும். பிறகு சோடாத் தண்ணீரைப் பிஸ்டன்களின் மேல் ஊற்றினோம். கீழே முறுக்குத் தண்டு நனையாமல் சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூடியிருந்தேன். ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தோம். தண்ணீர் முதலில் பழுப்பாயிற்று, பிறகு கோப்பி நிறமாயிற்று, பிறகு கையில் வழுவழுத்தது.

பிஸ்டனின் மேல் செங்கால் என்ற கெட்டி மரத்தின் துண்டு ஒன்றை வைத்து மரச் சுத்தியால் தட்டினேன். "ணங்" என்றது. அது பாறையைத் தட்டும் சத்தம். மறுபடி கொதிநீர். மறுபடி சோடா. மறுபடி தட்டு. ணங். வைத்தி அண்ணன் ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடித் திறந்தார், தன் முதுகில் விழுவது போல.

வியாழக்கிழமை மத்தியானம், நான் அசந்துபோய்த் தட்டிய ஒரு தட்டில் சத்தம் மாறியது. "தொப்" என்றது. நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"தம்பி, இன்னொரு தரம் தட்டு. மெதுவா."

தொப். மயிரிழை இறங்கியிருந்தது.

இருட்டுவதற்குள் ஒரு பிஸ்டன் வெளியே வந்தது. வெள்ளி விடிந்து கொஞ்ச நேரத்தில் மற்றதும் வந்தது. பிஸ்டனின் வளையங்கள் பள்ளத்தோடு பள்ளமாக ஒட்டியிருந்தன. தேங்காய் நாரும் சோடாவும் வைத்து ஒவ்வொன்றாக விடுவித்தோம். ஒன்று ஒடிந்தது. அலமாரிப் பெட்டியில் மாற்று இருந்தது. நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எஞ்சின் எண்ணெய் பூசி, ஜெர்மன்காரன் படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்பக் கோத்தபோது பள்ளிவாசலில் ஜும்மா முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

முதலாளியின் கேள்வி

ஜெத்தியில் நல்ல கூட்டம். கொப்பரை மூட்டைகள் ஏறிவிட்டன. முதலாளி தொழுகைத் தொப்பியோடு நேரே வந்திருந்தார். செல்லம்மா அக்கா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சக்கரத்தில் கைப்பிடியை மாட்டி நானும் வைத்தி அண்ணனும் சுழற்றினோம். நல்ல வேகம் வந்ததும், சிலிண்டரில் அழுத்தம் ஏறவிடாமல் பிடித்திருந்த அமுக்கு விசையை அவர் விட்டார். எஞ்சின் ஒரு இருமல் இருமி நின்றது. மறுபடி சுழற்றினோம். இரண்டு இருமல். மூன்றாம் தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, "டொக்... டொக்... டொக் டொக் டொக்" என்று பிடித்துக்கொண்டது.

ஜெத்தியில் கைதட்டினார்கள். கோப்பிக் கடைக்காரர் பழக்கதோஷத்தில் தண்ணீர் வைக்க ஓடினார். வைத்தி அண்ணன் எஞ்சினின் மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றார்.

அப்போதுதான் பா உசின் "துவான்! துவான்!" என்று முதலாளியைக் கூப்பிட்டுக் கத்தினார். படகின் பக்கவாட்டில் புகை விடும் குழாயிலிருந்து புகையோடு நுரை வந்துகொண்டிருந்தது. வெள்ளை நுரை. சாதாரண நுரை இல்லை, சலவைக்கல்லில் வழியுமே, அந்த நுரை. கழுவிய தண்ணீர் புகைக்குழாய்க்குள்ளும் தேங்கியிருந்திருக்கிறது. அதை நான் யோசிக்கவில்லை. சோடாவும் எண்ணெயும் சேர்ந்தால் சோப்புதானே!

ஆற்றின் மேல் பரக்கத்தின் குமிழிகள் மிதந்து போயின. ஜெத்தியில் சிரிப்பு.

முதலாளி சிரிக்கவில்லை. கீழே இறங்கி வந்தார்.

"அதென்ன நுரை?"

"கழுவின தண்ணி முதலாளி" என்றேன்.

"எதைக் கழுவினே? துருன்னுல்ல வைத்தி சொன்னான். துருவுக்கு எதுக்கு டோபி கடைச் சோடா?"

நான் வாயைத் திறந்தேன். துரு என்று ஒரு சொல் சொன்னால் போதும். படித்தவன் சொன்னால் நம்புவார். ஆனால் அடுத்த தீபாவளி வருமே, அதற்கடுத்ததும் வருமே என்று ஒரு பக்கம் ஓடிற்று. பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் ஒரு பக்கம். நான் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது வைத்தி அண்ணன் எஞ்சினிலிருந்து கையை எடுத்தார்.

"துரு இல்லே முதலாளி. எண்ணெய். நாந்தான் தீவாளிக்கு ஊத்தினேன். நல்லெண்ணெய். அதுக்கும் ஒரு முழுக்குப் போடணும்னு தோணிச்சு. அதுதான் காஞ்சு புடிச்சிக்கிச்சு. தம்பி மேல ஒரு தப்பும் இல்லே."

முதலாளி பித்தளைக் கிண்ணங்களைப் பார்த்தார். தாடியைத் தடவினார்.

"எவ்வளவு ஊத்தினே?"

"கிண்ணத்துக்கு ஒரு கரண்டி."

"ஒரு கரண்டிதானா?"

"அவ்வளவுதான் முதலாளி. மீதியை மேலே தடவினேன்."

முதலாளி இன்னும் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பி, ஜெத்தியில் யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல என் காதருகே குனிந்து கேட்டார்: "தம்பி, நல்லெண்ணெய்தான் இறுகுமா? இந்த... வெளக்குல ஊத்துற எண்ணெய் இருக்குல்ல. அதுவும் இறுகுமா?"

"எந்த வெளக்கு முதலாளி?"

"தர்கா வெளக்கு."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "சரக்கில்லாமக் கெடந்துச்சுல்ல. ஊர்லேருந்து வந்த ஒரு சொந்தக்காரர் தர்காவுல எரிஞ்ச எண்ணெய் ஒரு குப்பி கொண்டாந்து தந்தாரு. தொழில் ஓடட்டுமேன்னு ஒரு வெள்ளிக்கிழமை யாரும் இல்லாதப்ப வந்து... அந்தக் கிண்ணத்துலதான்."

"எவ்வளவு முதலாளி?" என்றார் வைத்தி அண்ணன். அவருடைய குரலில் இப்போது கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

"அதான் சொன்னேன்ல. குப்பி."

"முழுக் குப்பியுமா?"

"பரக்கத்தைக் கரண்டியாலயா அளப்பாங்க?" என்று முதலாளி எரிந்து விழுந்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "சரி விடு. ரெண்டு பேரு ஊத்தியிருக்கோம். ஒருத்தனை மட்டும் எப்படிடா வெரட்டுறது? சிங்கப்பூர்க்காரன் வர வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன். இனிமே அந்தக் கிண்ணத்துல கையை வைக்கிறதா இருந்தா தம்பியைக் கேட்டுட்டு வை. நானும் கேட்டுக்கறேன்."

தாழ்ந்த குரலில் பேசியதாக அவர் நினைத்திருந்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்தித்தான் பேசியிருக்கிறார். ஜெத்தி முழுக்கக் கேட்டுவிட்டது. அதை எங்களுக்குத் தெரிவித்தது செல்லம்மா அக்காவின் குரல்.

"ஏன் முதலாளி! ஆளாளுக்கு எண்ணெய் வெச்சீங்களே, ஒருத்தராவது சீயக்காய் போட்டீங்களா?"

ஜெத்தியே அதிர்ந்தது. முதலாளி மேலே ஏறிப்போய்க் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். குடை குலுங்கிக்கொண்டே இருந்தது. பா உசினுக்கு யாரோ மலாயில் விளக்கிச் சொல்ல, அவர் சுக்கானைப் பிடித்தபடி தாமதமாகத் தனியே சிரித்தார்.

தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். வைத்தி அண்ணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கியரை முன்னே தள்ளினார். பரக்கத் ஆற்று முகத்தைத் தாண்டி, நுரை விட்டுக்கொண்டே, சிங்கப்பூருக்குக் கிளம்பியது.